நாய் தன் பாதத்தை நக்குவது ஏன்?

தன் துன்பத்தை வாய்மொழியால் எடுத்துரைக்க இயலாத உயிர், அதனை உடலின் வழியே உரைக்கின்றது. மாடு அசைபோடுவதை நிறுத்தினால் அதற்கு உடல்நலம் இல்லை என்று உழவர் உடனே உணர்ந்து கொள்கின்றனர். ஆடு தீவனத்தை விட்டு ஒதுங்கி நின்றால் மேய்ப்பவர் கவலை கொள்கின்றார். ஆனால், வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய் நாள் முழுதும் தன் பாதத்தை நக்கிக்கொண்டும் கடித்துக்கொண்டும் இருந்தால், "அது அதன் பழக்கம்" என்று கூறி நம்மில் பலர் கடந்து போய்விடுகின்றோம். சிலர் அதட்டி நிறுத்துகின்றனர். வேறு சிலர் கையில் கிடைத்த எண்ணெயையோ களிம்பையோ தடவி விடுகின்றனர்.

இம்மூன்றும் முறையல்ல என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும். நக்குதல் நோயன்று, நோயின் குறி. குறியை அடக்கிவிட்டால் காரணம் மறைந்துவிடாது. நமது கண்ணுக்கு மறைந்து உள்ளே வளரும். ஆகவே, அந்தக் குறி எவற்றையெல்லாம் சுட்டக்கூடும், அவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிவது எங்ஙனம், நாம் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பவற்றை வரிசையாகக் காண்போம்.

1. பாதத்தின் அமைப்பு

நாய் விரல்களால் நடக்கும் விலங்கு. மனிதனுக்குத் தரையில் பதியும் குதிகால், நாய்க்குத் தரையை விட்டு உயர்ந்து, பின்னங்காலில் பின்னோக்கி நீட்டிய மூட்டாக அமைந்துள்ளது. எனவே அதன் உடற்சுமை முழுவதையும் விரல்களும் அவற்றின் அடியிலுள்ள மெத்தைகளுமே தாங்குகின்றன. ஒவ்வொரு பாதத்திலும் நான்கு விரல் மெத்தைகளும், நடுவே ஒரு பெரிய மெத்தையும் உண்டு. முன்கால்களில் மணிக்கட்டின் பின்புறம் கூடுதலாக ஒரு சிறு மெத்தை உள்ளது.

இம்மெத்தையின் மேற்பகுதி தடித்த தோலாலும், உட்பகுதி கொழுப்பாலும் ஆனது. ஓடும்போதும் தாவும்போதும் ஏற்படும் அதிர்ச்சியை இக்கொழுப்பு ஏற்றுக்கொள்கின்றது. நாயின் உடலில் நமக்குள்ளதைப் போன்ற வியர்வைச் சுரப்பிகள் இம்மெத்தைகளில்தான் உள்ளன. அச்சமுற்ற நாய் நடந்து சென்ற தரையில் ஈரச்சுவடு தெரிவது இதனால்தான். 2011ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு, மெத்தையினுள் தமனிகளும் சிரைகளும் நெருங்கி அமைந்து, வெளிச்செல்லும் குருதியின் வெப்பத்தை உள்வரும் குளிர்ந்த குருதிக்கு மாற்றித் தருகின்றன எனக் காட்டியது. பனியிலும் நாய் நிற்க முடிவதற்கு இவ்வமைப்பு துணை செய்கின்றது.

மெத்தை இவ்வளவு வலியது எனினும், விரல்களுக்கு இடைப்பட்ட தோல் அவ்வாறன்று. அது மெல்லியது, உரோமம் உடையது, காற்றோட்டம் குறைந்தது, ஈரம் எளிதில் தங்குவது. பாதத்தில் தோன்றும் தொல்லைகளிற் பெரும்பாலானவை இவ்விரலிடுக்கிலேயே தொடங்குகின்றன. நாயின் பாதத்தைப் பார்க்க வேண்டும் எனில், அடியை மட்டும் பார்த்தல் போதாது. விரல்களை மெல்ல விரித்து உள்ளே நோக்குதல் வேண்டும்.

2. இயல்பானதும் இயல்பல்லாததும்

எல்லா நக்குதலும் நோயின் குறி அன்று. வெளியே சென்று திரும்பிய நாய் பாதத்தில் ஒட்டிய மண்ணை நக்கித் தூய்மை செய்து கொள்ளும். உறங்கும் முன் சிறிது நேரம் நக்கும். இவை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெயர் சொல்லி அழைத்தால் எழுந்து வந்துவிடும்.

கீழ்க்காண்பவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பின் அது இயல்பானது அன்று எனக் கொள்ளலாம்: உண்ணும் நேரத்திலும் விளையாடும் நேரத்திலும்கூட நிறுத்தி நக்குதல், இரவில் உறக்கத்தினின்று எழுந்து நக்குதல், பல்லால் கொறித்தல், நக்கிய இடத்தில் சிவப்பு, வீக்கம், உரோமம் உதிர்தல், துர்நாற்றம், நடையில் நொண்டல்.

வெளிர்நிற நாய்களில் மற்றோர் அடையாளம் உண்டு. தொடர்ந்து உமிழ்நீர் படும் உரோமம் செம்பழுப்பு நிறம் அடைகின்றது. உமிழ்நீரில் உள்ள போர்பிரின் என்னும் நிறமிப் பொருளே இதற்குக் காரணம். நம் கண்ணெதிரில் நக்காத நாயாயினும், பாதம் செம்பழுப்பாய் இருக்குமாயின் நாம் இல்லாத வேளையில் அது நக்குகின்றது என்பது தெளிவு.

3. முதற்கேள்வி: ஒரு பாதமா, பல பாதங்களா?

காரணத்தைத் தேடுவோர்க்கு வழிகாட்டும் முதற்கேள்வி இதுவே. ஒரே ஒரு பாதத்தை, அதிலும் ஒரே இடத்தை நாய் நக்குமாயின், அவ்விடத்திலேயே காரணம் இருத்தல் கூடும். முள், காயம், உடைந்த நகம், கட்டி, மூட்டுவலி ஆகியன இவ்வகையின. இரண்டு முன்பாதங்களையோ நான்கு பாதங்களையுமோ நக்குமாயின், உடல் முழுவதையும் சார்ந்த காரணமோ நடக்கும் தரையைச் சார்ந்த காரணமோ இருத்தல் கூடும். இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. ஆயினும் தொடக்கத்தில் இதுவே சிறந்த துணை.

4. ஒரு பாதத்தில் உள்ள காரணங்கள்

நம் நாட்டுத் தெருவிலும் வயல்வெளியிலும் நடக்கும் நாய்க்கு முதற்பகை முள். நெருஞ்சியும் சீமைக்கருவேலும் மெத்தையைத் துளைத்து உள்ளே முறிந்து நின்றுவிடும். கண்ணாடிச் சில்லும் கம்பித் துண்டும் அவ்வாறே. கூரிய முனையுடைய புல்விதைகள் விரலிடுக்கின் வழியே தோலினுள் புகுந்து, நாய் நடக்க நடக்க மேலும் உள்ளே செல்லும். அவற்றின் முனை ஒரு திசையில் மட்டுமே நகரக்கூடியதாய் அமைந்திருத்தலால் பின்வாங்கி வெளிவருதல் அரிது. நாளடைவில் அங்கே ஒரு கொப்புளம் தோன்றிச் சீழ் வடியும்; ஆறும்; மீண்டும் தோன்றும்.

அடுத்தது நகம். வீட்டினுள்ளேயே வழவழப்பான தரையில் வாழும் நாய்க்கு நகம் தேய்வதில்லை. வளர்ந்த நகம் விரலை ஒருபக்கமாய்த் திருப்பி, நடக்குந்தோறும் வலி தரும். முன்காலின் உட்புறத்தில் தரையைத் தொடாமல் உயர்ந்து நிற்கும் ஐந்தாம் நகம் தேய வழியே இல்லை. கவனிப்பாரற்று விடின் அது வளைந்து வளர்ந்து அதன் மெத்தையையே துளைத்துவிடும். வெளியில் அதிகம் தெரியாத இடமாதலின், நாய் நக்கும் வரை எவரும் அதனைக் காண்பதில்லை.

முதிய நாய் ஒன்று புண்ணேதும் இல்லாத மணிக்கட்டையோ விரலையோ ஓயாது நக்குமாயின், தோலுக்கு அடியிலுள்ள மூட்டு வலிக்கின்றது எனக் கருத இடமுண்டு. நகத்தடியில் ஒரே விரல் வீங்கி நகம் ஆடுமாயின் அதனைச் சாதாரணச் சீழ் எனக் காலம் தாழ்த்தல் ஆகாது. அவ்விடத்தில் புற்றுநோயும் தோன்றுவது உண்டு.

5. பல பாதங்களில்: ஒட்டி வாழும் சிற்றுயிர்கள்

உண்ணி பெரிதும் விரும்பி ஒளியும் இடங்கள் இரண்டு: காதின் உட்புறமும் விரலிடுக்கும். இது கடித்த இடத்தில் நமைச்சல் தருவதோடு நில்லாது, எர்லிக்கியா என்னும் கிருமியை நாயின் குருதியில் செலுத்திக் காய்ச்சலையும் குருதிக்கேட்டையும் உண்டாக்க வல்லது. உண்ணியைத் தோலுக்கு மிக அருகில் சிறு இடுக்கியால் பற்றி நேராக இழுத்து எடுத்தல் வேண்டும். தீயால் சுடுதலும் வெறும் விரலால் நசுக்குதலும் கூடா.

உண்ணியும் ஓர் உயிரன்றோ என்னும் வினா நம் வாசகர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. குருதி குடித்துப் பருத்த பெண் உண்ணி ஒன்று நாயின் உடலை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகின்றது. பெருகிய பின் மருந்து தெளித்து அழிப்பதைவிடப் பெருகாமல் காத்தலே இருபுறத்தும் துன்பம் குறைந்த வழியாகும். நாள்தோறும் உரோமத்தைச் சீவிப் பார்த்தல், படுக்கைத் துணியை அடிக்கடி துவைத்து வெயிலில் உலர்த்துதல், சுவர் வெடிப்புகளைப் பூசுதல், வாசலருகில் புதர் வளரவிடாமை ஆகியவற்றை நாம் இன்றே தொடங்கலாம். கால்நடை மருத்துவர் கூறும் தடுப்பு மருந்தைத் தவறாது தருதலும் இதனுள் அடங்கும்.

கண்ணுக்குப் புலனாகாத சிற்றுண்ணி வகைகளும் உள. டெமோடெக்ஸ் என்பது மயிர்க்கால்களில் வாழ்வது. பிறந்த சில நாட்களுக்குள் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. பெரும்பாலான நாய்களில் இது தீங்கின்றி வாழ்ந்துவிடும். உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது பெருகி, பாதத்தில் உரோமத்தை உதிர்த்துத் தோலைத் தடிக்கச் செய்யும். சார்க்கோப்டிஸ் என்னும் மற்றொரு வகை கடும் நமைச்சல் தருவது. ஒரு நாயிடமிருந்து மற்றொரு நாய்க்கும், சில நாட்களுக்கு மனிதர்க்கும் பரவுவது. தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே மருத்துவர் இவற்றைத் தேடுகின்றார்.

ஈரமண்ணில் வாழும் கொக்கிப் புழுவின் இளம்புழுக்கள் பாதத் தோலைத் துளைத்து உட்புகுவதும் உண்டு. நாய்களின் மலம் அகற்றப்படாத ஈர நிலத்தில் இது மிகுதி. அவ்விடத்தில் வெறுங்காலுடன் விளையாடும் குழந்தைகளின் தோலிலும் இப்புழுக்கள் புகும். ஆகவே நாய் படுக்குமிடத்தைத் தூய்மையாக வைத்தல் வீட்டாரையும் காப்பதாகும்.

6. பல பாதங்களில்: ஒவ்வாமை

பாதங்களை நக்கும் நாய்களில் மருத்துவர் மிகுதியாகக் காணும் காரணங்களுள் ஒன்று ஒவ்வாமை. நமக்குத் தூசியும் மகரந்தமும் ஒவ்வாவிடில் தும்முகின்றோம், மூச்சு இழுக்கின்றது. நாய்க்கு அவை ஒவ்வாவிடில் பெரும்பாலும் தோல் நமைக்கின்றது. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுயிர்கள், மகரந்தம், பூஞ்சை வித்து ஆகியவற்றிற்கு உடல் அளவுக்கு மீறி எதிர்வினை புரிதலே இதன் அடிப்படை. நாய்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து இத்தன்மையின என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வயதிற்குள் இது வெளிப்படுகின்றது.

2010ஆம் ஆண்டில் சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாவ்ரோவும் அவருடன் ஆய்ந்தோரும் இதனை அறிய எட்டு அடையாளங்களை வகுத்தனர். மூன்று வயதிற்கு முன் தொடங்குதல், நாய் பெரும்பாலும் வீட்டினுள் வாழ்தல், ஸ்டீராய்டு மருந்தால் நமைச்சல் தணிதல், தொடக்கத்தில் புண்ணின்றி நமைச்சல் மட்டும் இருத்தல், முன்பாதங்கள் பாதிக்கப்படுதல், காதுமடல் பாதிக்கப்படுதல், காதின் விளிம்பு பாதிக்கப்படாதிருத்தல், முதுகின் கீழ்ப்பகுதி பாதிக்கப்படாதிருத்தல் என்பன அவை. இவற்றுள் ஐந்து பொருந்துமாறு பார்த்தபோது, நோயுற்ற நாய்களில் நூற்றுக்கு எண்பத்தைந்தை இம்முறை சரியாகக் காட்டியது. நோயற்றவற்றில் நூற்றுக்கு எழுபத்தொன்பதைச் சரியாக விலக்கியது. ஒட்டுண்ணிகள் இல்லை என்று உறுதி செய்த பின்னரே இவ்வடையாளங்களைப் பார்த்தல் வேண்டும். இவ்வெட்டினுள் முன்பாதம் தனியே இடம் பெற்றிருப்பது நம் பாடத்திற்கு இன்றியமையாத செய்தி.

7. உணவும் காரணமாகலாம்

உணவு ஒவ்வாமையும் இதே குறிகளையே காட்டும். வெளித்தோற்றத்தால் இரண்டையும் பிரித்தறிதல் இயலாது. இங்கே ஒரு கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. 'நாம் அளிப்பது தயிர்ச்சோறும் சப்பாத்தியும்தான், இறைச்சி இல்லை, ஆகையால் உணவால் கேடு வர வாய்ப்பில்லை' என்பதே அது. இது சரியன்று. ஒவ்வாமை பொருளின் தூய்மையைப் பொறுத்ததன்று. அதிலுள்ள புரதத்தைப் பொறுத்தது. உணவு ஒவ்வாமை உறுதி செய்யப்பெற்ற 297 நாய்களைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஆய்வில், மாட்டிறைச்சி நூற்றுக்கு 34, பாற்பொருள்கள் 17, கோழி இறைச்சி 15, கோதுமை 13 என்னும் அளவில் காரணமாயிருந்தன. இரண்டாம் இடத்திலும் நான்காம் இடத்திலும் உள்ளவை நம் சமையலறையில் நாள்தோறும் இருப்பவை. பாலும் கோதுமையும் எல்லா நாய்க்கும் தீங்கு என்பது இதன் பொருளன்று. பாதம் நமைக்கும் நாய்க்கு அவற்றையும் ஐயத்திற்குரியவையாகக் கொள்ள வேண்டும் என்பதே பொருள்.

இதனைக் கண்டறியக் குருதிச் சோதனை நம்பத்தகுந்ததன்று. மருத்துவர் வகுத்துத் தரும், நாய் முன்பு உண்டிராத பொருள்களாலான உணவை மட்டும் எட்டு வாரம் அளித்துப் பார்த்தலே முறை. உணவே காரணமாயின் பத்தில் ஒன்பது நாய்கள் அக்காலத்திற்குள் குணம் காட்டுகின்றன. பின்னர்ப் பழைய உணவை மீண்டும் அளித்து, நமைச்சல் திரும்புகின்றதா எனப் பார்த்து உறுதி செய்தல் வேண்டும். இடையில் குழந்தைகள் அன்பால் தரும் ஒரு பிஸ்கட்டும் இச்சோதனையைப் பாழாக்கிவிடும். வீட்டார் அனைவரும் ஒருமனப்பட்டாலன்றி இது கைகூடாது.

8. தரையும் வெப்பமும்

கோடை நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு காற்றைவிட மிகவும் சூடேறி, ஐம்பது பாகை செல்சியசுக்கு மேலும் செல்லும். செருப்பணிந்த நமக்கு அது தெரிவதில்லை. மெத்தை வெந்து தோலுரிந்த நாய் வீடு வந்ததும் நக்கத் தொடங்கும். நம் புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாவிடில் நாயை அதில் நடத்துதல் ஆகாது. விடியற்காலையும் பொழுது சாய்ந்த பின்னும் உலாவுதற்கு உரிய நேரங்கள். தரை துடைக்கும் பினாயில், சுண்ணாம்பு, சிமெண்டுத் தூள், உரம் ஆகியனவும் பாதத்தை எரிக்கும். நாய் அவற்றை நக்கி விழுங்கவும் செய்யும். மழைக்காலத்திலோ ஈரம் உலராத விரலிடுக்கு வெந்து ஊறிவிடுகின்றது.

9. நக்குதலே நோயை வளர்க்கும் விதம்

காரணம் சிறிதாயினும் நக்க நக்க அது பெரிதாகின்றது. உமிழ்நீரால் ஓயாது நனையும் தோல் தன் காப்புத்தன்மையை இழக்கின்றது. அவ்வீரத்தில், இயல்பாகவே தோலில் அடங்கி வாழும் மலசீசியா என்னும் ஈஸ்ட் காளானும் ஸ்டெஃபைலோகாக்கஸ் நுண்கிருமியும் பெருகுகின்றன. பிசுபிசுப்பும், புளித்த நாற்றமும், நக அடியில் பழுப்புக் கறையும் தோன்றும். இவை தாமே நமைச்சல் தருவன. நமைச்சலால் நக்குதல்; நக்குதலால் ஈரம்; ஈரத்தால் கிருமி; கிருமியால் நமைச்சல். இச்சுழல் ஒருமுறை சுழலத் தொடங்கினால், முதற்காரணம் நீங்கிய பின்னும் தானே சுழலும். எனவே மருத்துவர் கிருமிக்கும் மருந்து தருவார், முதற்காரணத்தையும் தேடுவார். கிருமிக்கு மட்டும் மருந்து தந்து நிறுத்திய நாய் சில வாரங்களில் மீண்டும் நக்குவது இதனால்தான்.

'நாயின் உமிழ்நீர் புண்ணை ஆற்றும். நக்க விடுங்கள்' என்பது பெரியோர் பலர் கூறும் மொழி. அதில் ஒரு பாதி உண்மை உண்டு. 1990ஆம் ஆண்டில் ஹார்ட், பவல் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில், நாயின் உமிழ்நீர் ஈ.கோலி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் என்னும் இரு கிருமிகளைக் கொல்வது தெரியவந்தது. ஆனால், தோற்புண்களில் பெரிதும் காணப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகையின்மேல் அதன் ஆற்றல் சிறிதளவே. மேலும், சொரசொரப்பான நாவும் பல்லும் ஆறத் தொடங்கிய தோலை மீண்டும் மீண்டும் பெயர்க்கின்றன. காட்டில் வேறு துணையற்ற விலங்குக்கு நக்குதல் பயன்படலாம். மருந்தும் தூய நீரும் அருகில் இருக்கும்போது அதனை மருத்துவமாகக் கொள்ளல் பொருந்தாது.

10. மனத்துயர் காரணமாகுமா?

ஆகும். நாள் முழுதும் சங்கிலியில் கட்டுண்ட நாய், தனிமையில் விடப்பட்ட நாய், தன்னை வளர்த்தவரை இழந்த நாய் ஆகியன காலை நக்கி நக்கித் தடித்த புண்ணாக்கிக் கொள்வது உண்டு. முன்காலின் மணிக்கட்டருகே இப்புண் மிகுதியாய்த் தோன்றும். 1992ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல ஆய்வாளர் ஜூடித் ராபபோர்ட்டும் அவர் குழுவினரும், மனிதரில் ஓயாது கைகழுவும் நோய்க்குத் தரப்படும் குளோமிப்ரமின் என்னும் மருந்து இவ்வாறு நக்கும் நாய்களிலும் குறைவைத் தருவதைக் காட்டினர். விலங்கின் மனமும் நோயுறும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஆயினும் இம்முடிவிற்கு விரைந்து வருதல் தவறு. 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, மனக்காரணத்தால் வந்தது போலவே தோன்றிய நக்குப்புண் கொண்ட ஆறு நாய்களை விவரித்தது. ஆறிலும் உடற்காரணம் இருந்தது. ஒன்றில் புற்றுநோய், ஒன்றில் முன்னர் எலும்பில் பொருத்திய உலோக ஊசி, ஒன்றில் ஆழ்ந்த சீழ்த்தொற்று. பூனைகளிலும் இதுவே பாடம். மனநோயால் உரோமத்தை நக்கி உதிர்ப்பதாகக் கருதப்பட்ட 21 பூனைகளை 2006ஆம் ஆண்டில் முறையாக ஆய்ந்தபோது, 16 பூனைகளில் உடல்நோயே காரணம் எனத் தெரிந்தது. மனம் மட்டுமே காரணமானவை இரண்டே. எனவே 'சலிப்பால் நக்குகின்றது' என்பது ஆய்வின் இறுதியில் வரவேண்டிய முடிவு. தொடக்கத்தில் சொல்லத்தக்க சமாதானம் அன்று.

11. செய்யத்தகாதன

(அ) அதட்டுதலும் அடித்தலும். நமைச்சலோடு அச்சமும் சேரும். நாய் மறைவில் சென்று நக்கும்.

(ஆ) மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம் கலந்த தைலம் ஆகியவற்றைத் தடவுதல். தோலை எரிப்பதோடு, நக்கப்பட்டு வயிற்றினுள்ளும் சென்று நஞ்சாகும்.

(இ) நமக்குரிய மருந்துகளைத் தருதல். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமருந்துகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். துத்தநாகம் கலந்த களிம்பும் நக்கப்பட்டால் நஞ்சே.

(ஈ) மருத்துவரைக் காணாமல் ஐவர்மெக்டின் ஊசி போடுதல். கோலி இன நாய்கள் பலவற்றில் இம்மருந்தை மூளைக்குள் புகவிடாது தடுக்கும் மரபணு குறைபட்டிருப்பது 2001ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அவற்றிற்கு இம்மருந்து மிகுமாயின் உயிருக்கே இடையூறாகும்.

(உ) முன்பு எழுதித் தந்த ஸ்டீராய்டு மாத்திரையை மீண்டும் மீண்டும் வாங்கித் தருதல். நமைச்சல் விரைவில் அடங்கும். ஆனால் காரணம் மறையும், கிருமித்தொற்று ஓங்கும், நாட்பட்டால் உடல் பல வகையில் கெடும்.

12. செய்யத்தக்கன

வெளியே சென்று வந்ததும் பாதங்களை வெறும் நீரில் கழுவி, விரலிடுக்கு வரை துணியால் ஒற்றி உலர்த்துதல் முதற்கடமை. கழுவுதலை விட உலர்த்துதலே முதன்மை. நகங்களை அளவாக வெட்டுதல் வேண்டும். நகத்தினுள் ஓடும் குருதிக்குழாயைத் தீண்டாதவாறு முனையை மட்டும் வெட்டுதல் போதும். வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் நான்கு பாதங்களையும் விரித்துப் பார்த்தல் வேண்டும். குட்டியாய் இருக்கும்போதே பாதத்தைத் தொட்டுப் பழக்கினால் பிற்காலத்தில் இது எளிதாகும்.

முள் வெளியே தெரிந்தால் மெல்ல எடுத்துவிடலாம். ஆழத்தில் இருப்பின் தோண்டுதல் கூடாது. வலியால் துடிக்கும் நாய் தன் வீட்டாரையும் கடிக்கும். அது அதன் குற்றமன்று. புண்ணை நக்காதிருக்கக் கழுத்தில் கூம்பு வடிவ வளையம் அணிவித்தல் நல்லது. அது தண்டனை அன்று. மருந்து வேலை செய்யப் பெறும் அவகாசம். ஈஸ்ட் தொற்று எனத் தெரிந்தால் மருத்துவர் குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பு எழுதித் தரக்கூடும். அது வாரம் இருமுறை பயன்படுத்தத் தக்கது. தடவியவுடன் கழுவிவிடாமல் அவர் கூறும் நேரம் வரை தோலில் இருக்கவிடுதல் வேண்டும். ஒவ்வாமை நமைச்சலைத் தணிக்க ஸ்டீராய்டு அல்லாத புதிய மருந்துகளும் இந்நூற்றாண்டில் வந்துள்ளன. ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் இருப்பது, முற்றும் நீங்காது, ஆனால் நன்கு அடக்கி வைக்கலாம். இதனை முதலிலேயே அறிந்தோர் மருத்துவரை மாற்றிக்கொண்டே இருக்கமாட்டார்.

குருதி, சீழ், வீக்கம், நொண்டல், தொடவிடாமை ஆகியவை இருப்பின் அன்றே மருத்துவரிடம் செல்க. இவை இல்லாவிடினும் சில நாட்களாய் நக்குதல் ஓயாவிடில் காத்திருத்தல் வேண்டா.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தடுப்பூசி போடப்படாத நாய், பிற நாயால் முன்னர்க் கடிபட்டிருந்து, அக்கடிவாயையே வெறியுடன் கடித்துக் கொண்டு, குணமும் மாறியிருக்குமாயின், அது வெறிநோயாகவும் இருக்கலாம். அதனைத் தொடாது விலகி, கால்நடை மருத்துவமனைக்குச் செய்தி அறிவித்தல் வேண்டும். அத்தகைய நாய் நம் புண்பட்ட தோலை நக்கினாலும் அது கடிக்கு நிகரே. உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசிக்குச் செல்க.

13. மருத்துவரிடம் செல்லுமுன்

நாயால் பேச இயலாது. அதன் சார்பில் நாம் பேச வேண்டும். அதற்கு ஒரு வாரம் உற்றுநோக்கி, கீழ்க்காண்பவற்றைச் சிறு தாளில் குறித்துக் கொள்வோமாக:

எந்தப் பாதம், அல்லது எந்தெந்தப் பாதங்கள்? எப்போது தொடங்கியது? அப்போது நாயின் வயது என்ன? ஆண்டு முழுதுமா, குறிப்பிட்ட பருவத்திலா? பகலில் மிகுதியா, இரவிலா? காது, அக்குள், வயிறு ஆகிய இடங்களிலும் நமைச்சல் உண்டா? நாள்தோறும் உண்பது யாது. இடையில் தரும் தின்பண்டம் யாது? நடப்பதும் படுப்பதும் எத்தரையில்? வீட்டில் வேறு விலங்குக்கோ மனிதர்க்கோ நமைச்சல் உண்டா? இதுவரை தடவியதும் உட்கொள்ளத் தந்ததும் யாவை?

இத்தாளைக் கையில் பெறும் மருத்துவருக்குப் பாதி வழி தெளிவாகிவிடும். இவ்வினாக்களுக்கு விடை எழுத முனையும் நாமும், நாள்தோறும் நம் காலடியில் படுத்திருந்த ஓர் உயிரை எவ்வளவு குறைவாக நோக்கியிருந்தோம் என்பதை உணர்வோம். நாய் தன் பாதத்தை நக்கும் அந்த ஓசை கேட்கும்போது அதட்டும் சொல்லை நாவிலேயே நிறுத்தி, எழுந்து சென்று, அப்பாதத்தைக் கையில் ஏந்தி விரித்துப் பார்ப்போமாக.